பொன்மூக்கன் கற்ற புதுப்பேச்சு

ஓடைக்கரைக் கருவேலங்காட்டில் தவிட்டுக்குருவிக் கூட்டம் ஒன்று இருந்தது. எல்லாம் ஒன்றுக்கொன்று சொந்தம். எல்லாவற்றுக்கும் ஓயாத வாய். விடிந்ததும் தரையில் இறங்கிச் சருகுகளைப் புரட்டும், புரட்டிக்கொண்டே பேசும். புழு கிடைத்தாலும் பேச்சு, கிடைக்காவிட்டாலும் பேச்சு.

அந்தக் கூட்டத்தில் ஒரு வழக்கம். மற்றவை கீழே இரை தேடும்போது ஒரு குருவி மட்டும் மரத்தின் உச்சியில் உட்கார்ந்து காவல் பார்க்கும். வல்லூறு கண்ணில் பட்டால் "கிர்ர்ரீ!" என்று ஒரு கத்துக் கத்தும். அவ்வளவுதான். யாரும் நிமிர்ந்து பார்ப்பதில்லை. எங்கே, ஏன் என்று கேட்பதில்லை. வாயில் இருக்கும் புழுவைக்கூடப் போட்டுவிட்டு எல்லாம் இலந்தைப் புதருக்குள் பாய்ந்துவிடும்.

காவல் பார்ப்பதில் பொன்மூக்கனுக்குத்தான் நல்ல பெயர். ஆனால் பொன்மூக்கனின் கவலை வானத்தில் இல்லை. அதன் மகள் சுழலி அதனோடு பேசுவதை விட்டுவிட்டது. அதுதான் கவலை.

சண்டை சச்சரவு ஒன்றும் இல்லை. போன மழைவரைக்கும் சுழலி எல்லாவற்றையும் அப்பாவிடம்தான் சொல்லும். எறும்பு கடித்தால் சொல்லும். தும்மல் வருகிற மாதிரி வந்து வராமல் போனால் அதையும் பறந்து வந்து சொல்லும். இப்போது தன் வயதுக் குருவிகளோடு ஓடைமேட்டில் உட்கார்ந்துகொண்டு நாள் முழுக்கச் சிரிக்கிறது. அப்பா பக்கத்தில் போனால், "ஒண்ணுமில்லப்பா" என்கிறது.

அன்று காலை பொன்மூக்கன் கொழுத்த கம்பளிப்புழு ஒன்றைத் தேய்த்து, முடி நீக்கி, மகளுக்காக எடுத்துக்கொண்டு போனது. மேட்டில் பேச்சு பலமாக இருந்தது.

"நேத்து அந்த ஓணான் மரத்துலேர்ந்து விழுந்துச்சு பாரு, செம ஈசல்டா!" என்றது கொக்கி. கொக்கி, பொன்மூக்கனின் தம்பி மகன்.

"எனக்கு உதிருது மச்சி!" என்றது சுழலி. "ஆனா விழுந்ததுக்கப்புறம் அது குடுத்த விளக்கம் இருக்கே, ஒரே சருகு!"

பொன்மூக்கன் வானத்தைப் பார்த்தது. "ஈசலா? மழையே இல்லையே, எங்கேர்ந்து ஈசல்? யாருக்கு இறகு உதிருது? சுழலி, உனக்கா? திரும்பு, பார்க்கிறேன்!"

இளங்குருவிகள் ஒன்றையொன்று பார்த்தன. பிறகு ஒரேயடியாகச் சிரித்தன.

"விடுங்க பெரியப்பா, உங்களுக்குப் புரியாது" என்றது கொக்கி.

"ஏன் புரியாது? எல்லாம் நல்லாவே புரியுது!" என்றது பொன்மூக்கன். ஒன்றுமே புரியவில்லை. புழுவை வைத்துவிட்டுத் திரும்பிவிட்டது.

வீட்டில் அதன் மனைவி செவ்வந்தி கூட்டுக்குக் குச்சி பொறுக்கிக்கொண்டிருந்தது.

"சித்தப்பன் பிள்ளையைப் போய் 'மச்சி'ங்கறா! முறையே கெட்டுப்போச்சு, செவ்வந்தி!"

"கொக்கிகூட என்னை 'மச்சி'ன்னு கூப்பிட்டுட்டான்" என்றது செவ்வந்தி. "நான் அவனுக்குப் பெரியம்மா!"

"நீ என்ன சொன்னே?"

"'ம்'னு சொன்னேன். அவங்க எது சொன்னாலும் நான் 'ம்'தான். இதுவரைக்கும் வம்பு வரல."

பொன்மூக்கனுக்கு 'ம்' போதவில்லை. மகள் பேசுகிற பேச்சைத் தானும் பேசிவிட்டால், மகள் மறுபடியும் தன் பக்கத்தில் வந்து உட்காரும் என்று அதற்குத் தோன்றியது. யாரிடம் கற்றுக்கொள்வது?

ஓடைக்கு அந்தப் பக்கம் ஒரு மைனா இருந்தது. அணில்போலக் கத்தும், கோழிபோலக் கொக்கரிக்கும், பேருந்து ஹாரன்கூட அடிக்கும். "எனக்குத் தெரியாத பேச்சு கிடையாது" என்று சொல்லிக்கொண்டு திரியும். பொன்மூக்கன் தன் குறையைச் சொன்னதும் மைனா கழுத்தைச் சாய்த்துக் கேட்டது.

"இளசுங்க பேச்சுதானே? கத்துக்கொடுத்திடலாம். ஒரு வார்த்தைக்கு ஒரு வெட்டுக்கிளி."

"உயிரோடயா சார்?"

"உயிரோட. கால் ஒடியாம."

மறுநாளே வகுப்பு தொடங்கியது. பொன்மூக்கன் முதல் வெட்டுக்கிளியைக் கொடுத்துவிட்டுக் கேட்டது. "சார், ஒண்ணு ரொம்ப நல்லா இருந்தா பிள்ளைங்க 'ஈசல்'ங்கறாங்க போல. அது சரிதானா?"

மைனாவுக்கு அது தெரியாது. ஆனால் மைனா எதையும் தெரியாது என்று சொல்லிப் பழகியதில்லை. "ஈசலா! அதெல்லாம் விவரம் தெரியாத பசங்க சொல்றது. இப்ப 'கம்பு'ன்னுதான் சொல்லணும். 'செம கம்பு'. எங்கே, சொல்லுங்க!"

"செம கம்பு."

"அப்படி இல்ல! தோளைத் தூக்கணும். அலகை ஒரு பக்கமாக் கோணணும். சொல்லி முடிச்சதும் எங்கேயோ பார்க்கணும். அக்கறையே இல்லாத மாதிரி இருக்கணும்."

"அக்கறை இருக்கறதாலதானே சார் கத்துக்க வந்தேன்?"

"அதை மறைக்கறதுக்குத்தான் வகுப்பே!" என்றது மைனா.

பொன்மூக்கன் விடாமல் பயிற்சி செய்தது. ஓடையில் படுத்திருந்த எருமையின் முதுகில் உட்கார்ந்து, தோளைத் தூக்கி, அலகைக் கோணி, "என்ன மச்சி, செம கம்பு!" என்றது.

எருமை மெதுவாகத் திரும்பிப் பார்த்தது. "கழுத்து பிடிச்சிருக்கா?" என்று கேட்டது. "நாலு நாள் தண்ணியில கிட. சரியாப்போயிடும்."

பொன்மூக்கன் மனம் தளரவில்லை. வெயில் தாழ்ந்த ஒரு நல்ல நேரம் பார்த்து ஓடைமேட்டுக்குப் போனது. இளங்குருவிகளின் நடுவில் தொப்பென்று குதித்தது. தோளைத் தூக்கியது.

"என்ன மச்சிகளா! இன்னிக்கு மேடு செம கம்பு போல!" என்று சொல்லிவிட்டு எங்கேயோ பார்த்தது.

இளங்குருவிகள் அலகைத் திறந்தபடி அதையே பார்த்தன.

"பெரியப்பா..." என்றது கொக்கி, மூச்சை அடக்கிக்கொண்டு. "கம்பா? அது எங்க தாத்தா குஞ்சா இருந்தப்போ சொன்னதாச்சே!"

அடுத்த நொடி மேடே அதிர்ந்தது. இரண்டு குருவிகள் சிரித்துச் சிரித்துப் பள்ளத்தில் உருண்டன. "இன்னொண்ணு! இன்னொண்ணு சொல்லுங்க பெரியப்பா!"

சுழலி மட்டும் தலையை இறகுக்குள் நுழைத்துக்கொண்டது. "அப்பா, வீட்டுக்குப் போங்கப்பா" என்று இறகுக்குள்ளிருந்தே சொன்னது.

பொன்மூக்கனின் காதில் அது விழவில்லை. சிரிப்புதான் விழுந்தது. இவ்வளவு நாள் தன்னைக் கண்டால் வாயை மூடிக்கொண்ட பிள்ளைகள் இன்று, "இன்னொண்ணு" என்று கேட்கிறார்களே! அதற்கு நெஞ்சு நிறைந்துவிட்டது.

அன்றிலிருந்து அது தினமும் மேட்டுக்குப் போனது. இளங்குருவிகள் 'கம்பை'த் திருத்தி 'ஈசல்' ஆக்கின. சிரிப்பு தாங்காவிட்டால் 'உதிருது', சப்பென்று இருந்தால் 'சருகு' என்று இன்னும் நாலு வார்த்தைகளைச் சேர்த்துக் கொடுத்தன. பொன்மூக்கன் அவற்றை வைக்கக் கூடாத இடத்திலெல்லாம் வைத்துப் பேசியது. அது வாயைத் திறப்பதற்கு முன்பே சிரிப்பு தொடங்கிவிடும்.

"பெரியப்பா, நீங்க வேற மாதிரி! ஆனா காவல் மரத்துல ஏறினா மட்டும் 'கிர்ர்ரீ'ன்னு பழைய பாட்டையே பாடறீங்களே. அதான் கொஞ்சம் சருகு" என்றது கொக்கி ஒரு நாள்.

பொன்மூக்கன் மைனாவிடம் யோசனை கேட்டது.

"பின்னே? மேட்டுல ஒரு பேச்சு, மரத்துல ஒரு பேச்சா? பிள்ளைங்க உங்களை எப்படி நம்பும்?" என்றது மைனா, வெட்டுக்கிளியை மென்றுகொண்டே.

செவ்வந்திக்கு இது எதுவும் பிடிக்கவில்லை. "ஏங்க, எல்லாரும் உங்களைப் பார்த்துச் சிரிக்கறாங்க. நம்ம பொண்ணு சிரிக்கலையே, கவனிச்சீங்களா?"

"கூச்சம், செவ்வந்தி. அப்பா இவ்வளவு பெரிய ஆளாயிட்டேன்னு கூச்சம்."

செவ்வந்தி இந்தத் தடவை 'ம்' சொல்லவில்லை.

உண்மையில் சுழலி இப்போது மேட்டுக்கே வருவதில்லை. அப்பா இருக்கிற இடத்தைப் பார்த்து, அதற்கு எதிர்ப்பக்கமாகப் போய்விடும். கூட்டம் புதரோரம் இரை தேடினால், அது மட்டும் தள்ளி, அறுப்பு முடிந்த கம்பங்கொல்லையின் வெட்டவெளியில் தனியாகக் கிளறிக்கொண்டிருக்கும். அங்கே ஒளிய ஒரு செடிகூடக் கிடையாது.

அன்றும் அப்படித்தான். பொன்மூக்கன் மர உச்சியில் காவலுக்கு உட்கார்ந்திருந்தது. கீழே கூட்டம் சருகைப் புரட்டிக்கொண்டிருந்தது. காற்று நன்றாக இருந்தது. 'இன்று என்ன வார்த்தை சொல்லலாம்?' என்று பொன்மூக்கன் யோசித்துக்கொண்டிருந்தது.

அப்போது ஓடையை ஒட்டி, தாழ்வாக, சத்தமே இல்லாமல் ஒரு நிழல் வந்தது. வல்லூறு!

பொன்மூக்கனின் தொண்டை தானாகத் திறந்தது. திறந்த தொண்டையை அது மூடிக்கொண்டது. பழைய பாட்டா? இவ்வளவு நாள் சேர்த்த நல்ல பெயர் என்ன ஆவது? அவசரமாகத் தோளைத் தூக்கியது. அலகைக் கோணியது.

"மச்சிகளா! மேல ஒருத்தர் வராரு! செம ஈசல் என்ட்ரி! எல்லாரும் உதிருங்க!"

"பெரியப்பா ஆரம்பிச்சுட்டாரு!" என்று கத்தியது கொக்கி. கீழே எல்லாம் விழுந்து விழுந்து சிரித்தன.

பெரிய குருவிகள் திருதிருவென்று விழித்தன. "என்னங்க சொல்றீங்க? யாரு வராங்க? விருந்தாளியா?" என்று கேட்டது செவ்வந்தி.

"செம சீன், மச்சிகளா! நம்புங்க!" என்று கெஞ்சியது பொன்மூக்கன்.

"நம்பறோம் பெரியப்பா! இன்னொண்ணு சொல்லுங்க!"

வல்லூறு புதரைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அது ஓடையைத் தாண்டிக் கம்பங்கொல்லையின் பக்கம் சாய்ந்தது. பொன்மூக்கன் அந்தப் பக்கம் பார்த்தது. வெட்டவெளியில், முதுகைக் காட்டிக்கொண்டு, சுழலி மட்டும் தனியாக நின்றது.

பொன்மூக்கனுக்குத் தோளும் மறந்தது, அலகும் மறந்தது.

"கிர்ர்ர்ர்ரீ! பாப்பா! கிர்ர்ர்ரீ!"

சிரிப்பு பாதியில் அறுந்தது. ஒரு கண் சிமிட்டும் நேரத்தில் தரையில் ஒரு குருவி இல்லை. எல்லாம் முள்ளுக்குள். வயிறு குலுங்கச் சிரித்துக்கொண்டிருந்த கொக்கிதான் முதலில் உள்ளே போனது.

சுழலியும் அதைக் கேட்டது. யோசிக்கவில்லை, நிமிரவில்லை. கேட்ட மாத்திரத்தில் புதரை நோக்கிப் பறந்தது. ஆனால் புதர் தூரத்தில் இருந்தது. வல்லூறு கிட்டத்தில் இருந்தது.

உச்சியிலிருந்து பொன்மூக்கன் கல் விழுகிற மாதிரி விழுந்தது. மகளுக்கும் நகத்துக்கும் நடுவில் புகுந்தது. நகம் எதையோ பிடித்தது. இறகுகள் பறந்தன.

"கூட்டமா வாங்க!" என்று புதருக்குள்ளிருந்து செவ்வந்தி அலறிக்கொண்டு வெளியே வந்தது. அதன் பின்னால் கூட்டமே வந்தது. தவிட்டுக்குருவிகள் சேர்ந்து கத்தினால் கேட்கிறவர் காதில் ஈயத்தைக் காய்ச்சி ஊற்றிய மாதிரி இருக்கும். வல்லூற்றின் தலைக்கு மேலே, வாலுக்குக் கீழே, காதுக்கு உள்ளே என்று எல்லாப் பக்கமும் கத்தின.

"நிறுத்துங்க! ஒரு வாய் சோத்துக்கு இவ்வளவு சத்தமா?" என்றது வல்லூறு. காலில் பிடித்திருந்ததை உதறிவிட்டு ஓடைக்கு அப்பால் போய்விட்டது.

அது உதறியது வெறும் வால் இறகுகள். பொன்மூக்கன் புதருக்குள் தத்தித் தத்தி வந்தது. பின்பக்கம் மொட்டையாக இருந்தது. கிளையில் உட்காரப் பார்த்து, நிலை கொள்ளாமல் முன்பக்கமாகக் கவிழ்ந்தது. மறுபடி உட்கார்ந்தது. மறுபடி கவிழ்ந்தது.

பார்க்க வேடிக்கையாகத்தான் இருந்தது. ஒருவரும் சிரிக்கவில்லை.

"பெரியப்பா," என்றது கொக்கி தலை குனிந்தபடி, "நீங்க வழக்கம்போல விளையாடறீங்கன்னு நெனச்சுட்டோம்."

"உங்க மேல தப்பில்லப்பா. என்னைப் பார்த்தாலே சிரிக்கணும்னு பழக்கினது நான்தானே."

மதியம் மைனா வந்தது. "என்ன, வகுப்புக்குக் காணோம்? இன்னிக்கு மூணு வார்த்தை. எல்லாம் புத்தம் புதுசு!"

செவ்வந்தி கிளை நுனிக்கு வந்தது. "சார், எங்க பேச்சுல ஒரு வார்த்தை இருக்கு. 'போயிட்டு வாங்க.' இதுக்கு வெட்டுக்கிளி வேண்டாம், சும்மாவே வெச்சுக்குங்க."

மைனா ஒரு ஹாரன் அடித்துவிட்டுப் போய்விட்டது.

பொழுது சாயும் நேரம். பொன்மூக்கன் தாழ்ந்த கிளையொன்றில் தண்டோடு சாய்ந்து உட்கார்ந்திருந்தது. சுழலி வந்து சற்றுத் தள்ளி உட்கார்ந்தது. கொஞ்ச நேரம் காலைச் சொறிந்தது. இல்லாத எறும்பைக் கொத்தியது. பிறகு மெல்லச் சொன்னது.

"அப்பா, எனக்குக் காலைலேர்ந்து ஒரே கூழாங்கல்லா இருக்குப்பா."

பொன்மூக்கன் வாயைத் திறந்தது. 'நல்லாவே புரியுது' என்ற சொல் நாக்கு நுனிவரைக்கும் வந்துவிட்டது. எத்தனை நாள் பழக்கம்! மகள் தானாக வந்து ஒன்று சொல்கிறது. இப்போது போய்ப் புரியவில்லை என்று சொன்னால் எழுந்து போய்விடுமோ? 'ஒண்ணுமில்லப்பா' என்று முடித்துவிடுமோ?

ஆனாலும் அது வந்த சொல்லை விழுங்கிவிட்டது.

"பாப்பா, எனக்குப் புரியலம்மா. அப்படின்னா என்ன?"

சுழலி திரும்பிப் பார்த்தது. அப்பா கேலி செய்கிறதா, நடிக்கிறதா என்று பார்த்தது. அப்பா சும்மா காத்துக்கொண்டிருந்தது.

"அது வந்துப்பா," என்று நகர்ந்து கிட்டே வந்தது சுழலி, "தொண்டையில ஒரு கல்லு மாட்டின மாதிரி. துப்பவும் முடியாது, முழுங்கவும் முடியாது. அழுகையும் இல்ல, பயமும் இல்ல, ரெண்டும் சேர்ந்த மாதிரி. உங்க வாலைப் பார்க்கும்போதெல்லாம் அப்படி வருது. உங்களைக் கண்டு வெட்கப்பட்டுத் தள்ளிப் போனேன்ல, அதை நெனச்சாலும் வருது."

பொன்மூக்கன் சாய்ந்திருந்த தண்டிலிருந்து நிமிர்ந்தது.

"இதுக்கு ஒரு பேரு இருக்கா!" என்றது. "எனக்கு இது போன மழையிலேர்ந்தே இருக்கு. நீ 'ஒண்ணுமில்லப்பா'ன்னு சொல்றப்பல்லாம் வரும். என்னன்னு சொல்றதுன்னுதான் தெரியல. கூழாங்கல்லு! சரியான வார்த்தை, பாப்பா. யாரு கண்டுபிடிச்சது?"

"நான்தாம்ப்பா" என்றது சுழலி, கொஞ்சம் நெளிந்துகொண்டு.

"நீயா! இரு, உங்கம்மாகிட்ட சொல்லிட்டு வரேன். கொக்கிகிட்டயும்..."

"அப்பா!" என்று அலறியது சுழலி. "கொக்கிகிட்ட மட்டும் பேசிக் காட்டாதீங்கப்பா! ப்ளீஸ்!"

"சரி, சரி. பேசமாட்டேன். நீ சொல்லு, நான் கேட்டுக்கறேன். வேற என்ன நடந்துச்சு?"

சுழலி சொல்லத் தொடங்கியது. இடையிடையே பொன்மூக்கன், "அப்படின்னா?" என்று கேட்டது. சுழலி அலுத்துக்கொள்ளாமல் விளக்கியது. சில விளக்கங்களும் பொன்மூக்கனுக்குப் புரியவில்லை. அதையும் சொல்லிவிட்டு மறுபடி கேட்டது.

பிள்ளைகளின் பேச்சைப் பேசிக் காட்டுகிற பெற்றோரைவிட, "எனக்குப் புரியவில்லை, சொல்" என்று கேட்கிற பெற்றோரிடம்தான் பிள்ளைகள் மனம்விட்டுப் பேசும்.